ஒரு லட்சம் ரூபாய்க்குக் கற்ற இங்கிலீஷ்

திருப்பூரில் எனக்கு இருப்பது பெரிய ஃபேக்டரி எல்லாம் இல்லை. நூல் வாங்கி, நிட்டிங்கும் டையிங்கும் ஜாப் ஒர்க்குக்கு வெளியே கொடுத்துவிட்டு, கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் மட்டும் சொந்த இடத்தில் செய்கிற சின்ன பனியன் கம்பெனி. வெளிநாட்டு பையருக்கும் எனக்கும் நடுவில் ஒரு பையிங் ஏஜென்ட். இந்த ஊரில் இப்படி ஓட்டுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். 2022 கோடையில் ஒரே ஆர்டரில் ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய் கையை விட்டுப் போனது. நூல் விலை கொன்றுவிட்டது என்று கேட்டவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் அப்படிச் சொன்னால் யாரும் மேலே கேள்வி கேட்க மாட்டார்கள். உள்ளபடி பார்த்தால், பணம் போனதெல்லாம் ‘எவ்வளவு’, ‘எதைவிட’, ‘எத்தனை மடங்கு’ என்று இங்கிலீஷில் சொல்லும் நாலைந்து வாக்கியங்களில்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். இங்கிலாந்து பையர் ஒருவருக்கு முந்தின சீசனில் 4,000 பீஸ் ரவுண்ட் நெக் டி-ஷர்ட் அனுப்பியிருந்தோம். சரக்கு நன்றாகப் போனது. ஏப்ரல் தொடக்கத்தில் அடுத்த சீசனுக்கு எவ்வளவு வரும் என்று ஏஜென்ட் ஆபீசில் கேட்டேன். நூல் புக் பண்ண வேண்டுமே. பிஓ, அதாவது எழுத்தில் வரும் ஆர்டர், வர இன்னும் நாள் ஆகும், ஆனால் பையர் மெயிலில் சொல்லியிருக்கிறார் என்று அங்கே ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் போனிலேயே படித்துச் சொன்னார். “போன தடவைல பாதிதானுங்க அண்ணா. ஹாஃப்னு போட்டிருக்காங்க.” மெயிலை ஃபார்வர்ட் பண்ணச் சொன்னேன். “அனுப்பறனுங்க” என்றார். வரவில்லை. பாதி என்றால் 2,000 பீஸ். ஒரு பீஸுக்கு வேஸ்டேஜ் சேர்த்து 240 கிராம் வைத்து 480 கிலோ நூலுக்குப் பணம் கட்டினேன்.

மே மாதம் நடந்தது ஊருக்கே தெரியும். பஞ்சு ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. மில்காரர்கள் நூல் விலையைக் கிலோவுக்கு 40 ரூபாய் ஏற்றினார்கள். 16, 17 தேதிகளில் பனியன் கம்பெனிகள் எல்லாம் மூடி வேலைநிறுத்தம் செய்தோம். அந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் பிஓ வந்தது: 6,000 பீஸ், டெலிவரி தேதி முன்பு பேசியதேதான். ஏஜென்ட் ஆபீசுக்கு நேரிலேயே போய் மெயிலைக் காட்டச் சொன்னேன். அதில் இருந்தது “ஹாஃப் அஸ் மெனி அகெய்ன் அஸ் லாஸ்ட் டைம்”. மெர்ச்சண்டைசர் ஹாஃப் வரைக்கும் படித்திருக்கிறார். வால் விட்டுப்போய்விட்டது.

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். “ஹாஃப் அஸ் மெனி” என்றால் பாதி. 4,000 என்றால் 2,000. பின்னாடியே “அகெய்ன்” வந்தால் கதை வேறு: பழையது முழுசாக இருக்கிறது, அதன்மேல் இன்னொரு பாதி. நம் வாயில் ஒன்றரை மடங்கு. 4,000 என்றால் 6,000. “அஸ் மெனி அகெய்ன்” என்று மட்டும் இருந்தால் இன்னொரு அதே அளவு, ஆக இரண்டு மடங்கு. “எ தேர்ட் அஸ் மெனி அகெய்ன்” என்றால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். பீஸுக்கு மெனி, துணிக்கும் நூலுக்கும் பணத்துக்கும் மச். மற்றபடி கணக்கு ஒன்றுதான். இங்கிலாந்துக்காரர்கள் இதைச் சகஜமாக எழுதுகிறார்கள். நாம் ஒன்றரை, ஒன்றேகால், ஒன்றேமுக்கால் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்கிற ஆட்கள். அதனால் ஹாஃப் என்று காதில் விழுந்ததும் அரை என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது, அதற்குப் பிறகு வருவதைக் கேட்பதில்லை. எண்ணிக்கை சொல்லும் வாக்கியத்தில் முற்றுப்புள்ளி வரைக்கும் போகாமல் யாரும் கால்குலேட்டரைத் தொடக் கூடாது என்று இப்போது என் ஆபீசில் சட்டம் போட்டிருக்கிறேன்.

மீதி 4,000 பீஸுக்கு 960 கிலோ நூல் வேண்டும். கிலோவுக்கு 40 ரூபாய் கூட, ஆக 38,400 ரூபாய் அங்கேயே போச்சு. அதோடு முடியவில்லை. நேவி ப்ளூ முதல் லாட் சாயம் போட்டு வந்துவிட்டது. இரண்டாவது லாட் தனியாகப் போட்டால் ஷேட் ஒத்துப்போகாது என்று டையிங்காரர் கையை விரித்தார். பகல் வெளிச்சத்தில் இரண்டு துணியையும் அடுத்தடுத்து விரித்துப் பார்த்தால், ஒன்றில் இங்க் சாயலும் மற்றதில் லேசாகப் பச்சை சாயலும் அடித்தது. உடம்பு ஒரு லாட், கை ஒரு லாட் என்று கலந்துவிட்டால் மொத்தமும் ரிஜெக்ட். அதனால் கட்டிங்கிலிருந்து கார்ட்டன் வரைக்கும் லாட்டைப் பிரித்தே ஓட்டினோம். தேதி தள்ளியது. பையர் இரண்டு வாரம் நீட்டித்துக் கொடுத்தார், பதிலுக்கு 4% டிஸ்கவுன்ட் கேட்டார். பீஸ் 2.85 டாலர், 6,000 பீஸுக்கு 17,100 டாலர், அதில் 4% என்றால் 684 டாலர். அன்றைய ரேட்டில் 53,000 ரூபாய் சொச்சம். வீட்டில் சொல்லத் தைரியம் வரவில்லை. சம்பள வாரத்தில் நகையை வைக்கக் கேட்டபோதுதான் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: “அந்த மெயிலை யாருமே பார்க்கலியா?” ஏஜென்ட் ஆபீசில் அந்த நஷ்டத்தில் ஒரு ரூபாய் ஏற்கவில்லை. போனில் சொன்னதற்கு எழுத்தில் ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் முழுசாகத் தணியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகுதான் ராத்திரி ஷிஃப்ட் முடிந்ததும் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறவரிடம் கேட்டால் “டிகிரீஸ் ஆஃப் கம்பேரிசன்தானே, ஈஸி” என்றார். மகளின் ஸ்கூல் கிராமர் புத்தகத்திலும் அது இருந்தது. “நோ அதர் சிட்டி இஸ் அஸ் பிக் அஸ்” என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தை மூன்று விதமாக மாற்றி எழுதச் சொல்லும் பயிற்சி. பரீட்சையில் மார்க் வரும். யார் உயரம், எந்த ஊர் பெரிசு என்பதோடு அது நின்றுவிடுகிறது. எத்தனை மடங்கு, எத்தனைக்குள், எத்தனையிலிருந்து என்று வியாபாரத்தில் வருவது எதுவும் அதில் இல்லை. எனவே பையர் மெயில்கள், குவாலிட்டி மேனுவல், எல்சி (சொன்னபடி டாக்குமென்ட் கொடுத்தால் பணம் தருவதாகப் பையரின் பேங்க் எழுதித் தரும் உத்தரவாதம்) காப்பி எல்லாவற்றையும் எடுத்து, எண் வரும் வாக்கியங்களை மட்டும் கட்டிங் ஷீட்டின் பின்பக்கம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியான வழி இதுதானா என்று தெரியாது, எனக்குப் பிடிபட்டது இப்படித்தான்.

அது முதலில் கைகொடுத்தது ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில். 6,000 பீஸ் லாட்டுக்கு, ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணைப்படி சாதாரண இரண்டாம் லெவலில், 200 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். மேஜர் டிஃபெக்டுக்கு ஏக்யூஎல், அதாவது ஏற்றுக்கொள்ளும் குறைக்கான வரம்பு, 2.5 என்றால் 10 வரை பாஸ், 11 வந்தால் ஃபெயில். மைனருக்கு 4.0 வைத்தால் 14 வரை பாஸ், 15 ஃபெயில். வந்த இன்ஸ்பெக்டர் சின்னப் பையன், வேலைக்குப் புதுசு. டியூப் லைட்டுக்குக் கீழே மேஜையில் ஒவ்வொரு பீஸாக விரித்து, கழுத்து ரிப்பை இழுத்துப் பார்த்து, ஒட்டும் அம்புக்குறி ஸ்டிக்கரை வைத்துக்கொண்டே போனார். எண்ணெய்க் கறை நாலு, ஊசி ஓட்டை மூன்று, தையல் விட்டது இரண்டு, கடைசியில் ஒரு லேபிள் தலைகீழ். பத்து. “லிமிட் வந்துடுச்சுங்க சார், ஃபெயில் போடணும்” என்றார். பையரின் மேனுவலைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். “நோ மோர் தேன் 10 மேஜர் டிஃபெக்ட்ஸ்.” பத்துக்கு மேல் போகக் கூடாது என்றுதானே இருக்கிறது தம்பி, பத்து வரக் கூடாது என்று இல்லையே என்றேன். அவர் ஆபீசுக்குப் போன் போட்டார். பதில் வரும்வரை செக்கிங் பெண்கள் யாரும் இடத்தை விட்டு நகரவில்லை. பாஸ். ஃபெயில் ஆகியிருந்தால் மொத்த லாட்டையும் பிரித்து மறுபடி செக் பண்ணி, ரீ-இன்ஸ்பெக்ஷன் ஃபீஸும் கட்டியிருக்க வேண்டும்.

இந்த எல்லைச் சொற்களை ஒரு தடவை உட்கார்ந்து மனசில் ஏற்றிக்கொள்ளுங்கள், அப்புறம் வாழ்நாள் முழுக்க உதவும். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அந்த எண்ணே உள்ளே சேருமா, சேராதா? “நோ மோர் தேன் 10”, “நாட் எக்ஸீடிங் 10”, “அப் டு 10”, “மேக்சிமம் 10”, “10 ஆர் ஃபியூவர்” எல்லாவற்றிலும் பத்து சேரும். “ஃபியூவர் தேன் 10”, “லெஸ் தேன் 10”, “அண்டர் 10”, “பிலோ 10” என்றால் ஒன்பதோடு சரி. மேல்பக்கமும் இப்படியே. “அட் லீஸ்ட் 500”, “நோ ஃபியூவர் தேன் 500”, “மினிமம் 500”, “500 ஆர் மோர்” என்றால் 500 இருந்தால் போதும். “மோர் தேன் 500”, “ஓவர் 500”, “அபவ் 500” என்றால் 501 வேண்டும். பாருங்கள், ‘நோ’ என்று ஒன்று முன்னாடி ஒட்டினால் அர்த்தம் எதிர்ப்பக்கம் போவதோடு எல்லை எண்ணும் உள்ளே வந்துவிடுகிறது. தமிழிலும் இந்தச் சிக்கல் இல்லாமல் இல்லை. ‘பத்துக்குள்’ என்றால் பத்து உண்டா இல்லையா என்று இரண்டு பேரைக் கேளுங்கள், இரண்டு பதில் வரும். பத்திர எழுத்தர்கள் ‘மிகாமல்’ என்று எழுதுவது அதனால்தான்.

ஃபியூவர், லெஸ் பற்றி ஒரு வார்த்தை. எண்ணக்கூடியதற்கு ஃபியூவர், அளக்கக்கூடியதற்கு லெஸ் என்று கிராமர் புத்தகம் சொல்லும். ஃபியூவர் பீசஸ், லெஸ் ஃபேப்ரிக். ஆனால் கிலோ, மீட்டர், டாலர், நாள் எல்லாம் எண்ணோடு வந்தாலும் மொத்தமாக ஒரு அளவுதான். “லெஸ் தேன் 500 கிலோ” என்று எழுதினால் தப்பில்லை. இங்கிலாந்திலேயே இதற்கு ஒரு சண்டை நடந்தது. டெஸ்கோ கடைகளில், கொஞ்சமாகச் சாமான் வாங்குகிறவர்களுக்கான கவுன்டரில் “10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்” என்று போர்டு. ஃபியூவர் என்றுதான் இருக்க வேண்டும் என்று இலக்கணப் பிரியர்கள் விடாமல் முறையிட, 2008-இல் “அப் டு 10 ஐட்டம்ஸ்” என்று மாற்றி எழுதிச் சண்டையைத் தீர்த்துக்கொண்டார்கள். ஏற்றுமதிக்காரருக்கு இதில் மெனக்கெட ஒன்றும் இல்லை. ஃபியூவருக்குப் பதில் லெஸ் எழுதிவிட்டால் பையர் சிரிப்பார், பணத்தைப் பிடிக்க மாட்டார். எங்கே பணம் போகுமோ அங்கே கவனம் வைத்தால் போதும்.

பணம் போகாவிட்டாலும் மானம் போகிற இடம் ஒன்று உண்டு: ஃபியூ. “ஃபியூ லூஸ் த்ரெட்ஸ்” என்றால் பிசிறு நூல் அனேகமாக இல்லை என்கிற பாராட்டு. “எ ஃபியூ லூஸ் த்ரெட்ஸ்” என்றால் அங்கங்கே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். “க்வைட் எ ஃபியூ லூஸ் த்ரெட்ஸ்” என்றால் ஏகப்பட்டது இருக்கிறது என்று கோபத்தை மரியாதையாகச் சொல்கிறார்கள். ஒவ்வொரு சைஸிலும் தைத்து அனுப்பும் சைஸ் செட் சாம்பிளுக்கு வந்த கமென்டில் இந்த மூன்றாவது இருந்தது. ஏஜென்ட் ஆபீசில் “கொஞ்சம்தான் பிசிறுன்னு சொல்லியிருக்காங்க” என்றார்கள். எங்கள் செக்கிங் அக்கா மட்டும் சாம்பிளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “கொஞ்சமா? இதையா?” என்றார். இங்கிலீஷ் தெரியாத அவர் சொன்னதுதான் சரியான மொழிபெயர்ப்பு. லிட்டில், எ லிட்டிலும் இதே மாதிரிதான்; நீட்டி எழுதத் தேவையில்லை.

இன்ஸ்பெக்ஷன் முடிந்து சரக்கு தூத்துக்குடிக்குப் போனது. அங்கே அடுத்த அடி. ரிஜெக்டுக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டிங் போடுவது எல்லோரும் செய்வதுதான். அதில் 120 பீஸ் நல்ல பீஸாகவே மிச்சம் வந்தது. ஏஜென்டின் ஷிப்பிங் ஆள், “எல்சில அஞ்சு பர்சன்ட் ப்ளஸ் மைனஸ் எப்பவும் உண்டுங்க, சேர்த்தே அனுப்பிடலாம்” என்றார். 6,120 பீஸுக்கு இன்வாய்ஸ் போட்டார்கள். பேங்க் டாக்குமென்டைத் திருப்பியது. டிஸ்க்ரெபன்சி, அதாவது டாக்குமென்ட் எல்சியோடு ஒத்துப்போகவில்லை என்பதற்கான ஃபீஸ், 75 டாலர், பணம் வருவதும் தள்ளிப்போனது. பையர் டிஸ்க்ரெபன்சியை ஏற்றுக்கொண்டதால் தப்பித்தேன். அவர் மறுத்திருந்தால், எல்சி கொடுத்த உத்தரவாதமே இல்லாமல் சரக்கு அங்கே துறைமுகத்தில் கிடந்திருக்கும்.

அந்த ஐந்து பர்சன்ட் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன். பாரிஸில் இருக்கும் பன்னாட்டு வணிகப் பேரவை வெளியிட்ட யூசிபி 600 விதிகள்தான் உலகம் முழுக்க எல்சிக்கு அடிப்படை. 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மொத்தம் 39 விதிகள். முப்பதாவது விதியில்தான் நம் ஊர்க் காதுக்கு எட்டிய அந்த ஐந்து பர்சன்ட். அளவில் 5% கூடக் குறைய இருக்கலாம் என்று சொல்லிவிட்டு, உடனே இரண்டு நிபந்தனை வைக்கிறது. எல்சியில் அளவை இத்தனை பெட்டி, இத்தனை உருப்படி என்று எண்ணிக்கையாகச் சொல்லியிருக்கக் கூடாது. வாங்கும் மொத்தப் பணம் எல்சி தொகையைத் தாண்டக் கூடாது. நூலைக் கிலோக் கணக்கில் விற்கிறவருக்கு அந்த 5% உண்டு. பீஸ் கணக்கில் டி-ஷர்ட் அனுப்புகிற நமக்கு இல்லவே இல்லை. மில்காரர்களுக்குப் பொருந்துகிற விதியைப் பனியன் கம்பெனிகள் வழிவழியாகச் சொல்லிக்கொண்டு வருகிறோம்.

அதே விதியில் இன்னொரு பகுதி நமக்கு வசதியானது. எல்சியில் எண்ணுக்கு முன்னால் “அபவுட்” அல்லது “அப்ராக்சிமேட்லி” என்று இருந்தால் 10% வரை கூடவோ குறையவோ அனுப்பலாம், பீஸ் கணக்காக இருந்தாலும் சரி. பேச்சு இங்கிலீஷில் அபவுட் என்பது சும்மா குத்துமதிப்பு. எல்சியில் அது பத்து பர்சன்ட், அதற்கு மேல் ஒரு பீஸ் கிடையாது. இன்னொன்றும் உண்டு, இதைத்தான் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அபவுட் எந்த எண்ணுக்கு முன்னால் இருக்கிறதோ அந்த எண்ணுக்கு மட்டும்தான். “அபவுட் 6,000 பீசஸ்” என்று இருந்து, தொகை மட்டும் மொட்டையாக 17,100 டாலர் என்று இருந்தால், 6,600 பீஸ் அனுப்பலாம், 17,100 டாலருக்கு மேல் ஒரு சென்ட் கேட்க முடியாது. அளவுக்கு முன்னாலும் தொகைக்கு முன்னாலும் இரண்டு இடத்திலும் அபவுட் இருக்கிறதா என்று பாருங்கள். தேதியிலும் இதன் உறவுக்காரர் ஒருவர் இருக்கிறார்: “ஆன் ஆர் அபவுட் ஜூன் 10” என்றால் முன்னும் பின்னும் ஐந்து நாள், ஜூன் 5 முதல் 15 வரை, இரண்டு முனையும் சேர்த்து.

நூல் 38,400, டிஸ்கவுன்ட் 53,000, டிஸ்க்ரெபன்சி 5,800-க்குப் பக்கம், எல்சியில் தேதி மாற்றிய அமெண்ட்மென்ட் சார்ஜ், கூரியர். கூட்டினால் லட்சத்தைத் தொட்டு நிற்கிறது. அந்த ஆர்டரில் லாபமே அவ்வளவு வராது.

படித்துக்கொண்டே போனதில், எனக்கு அடி விழாமலேயே கண்ணில் பட்ட பள்ளங்களும் உண்டு. முதலாவது “த்ரீ டைம்ஸ் மோர் தேன்”. 1,000-க்கு மூன்று மடங்கா, 1,000-க்கு மேல் இன்னொரு மூவாயிரமா? முன்னதென்றால் 3,000, பின்னதென்றால் 4,000. பெரும்பாலும் 3,000 என்ற அர்த்தத்தில்தான் எழுதுகிறார்கள். இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதில் ஒத்துப்போவதில்லை என்னும்போது நாம் அகராதி புரட்டி ஒரு பலனும் இல்லை. வந்தால் எண்ணைத் திருப்பிக் கேளுங்கள். நீங்கள் எழுதும்போது “த்ரீ டைம்ஸ் அஸ் மெனி அஸ்” என்று எழுதுங்கள், அதற்கு ஒரே அர்த்தம்தான். நம் செய்தித்தாள்களில் வரும் ‘மூன்று மடங்கு அதிகரிப்பு’ என்பதிலும் இதே குழப்பம் இருக்கிறது. பர்சன்டில் போட்டாலும் கவனம் வேண்டும். “200 பர்சன்ட் ஆஃப் லாஸ்ட் இயர்” என்றால் இரண்டு மடங்கு. “200 பர்சன்ட் மோர் தேன் லாஸ்ட் இயர்” என்றால் மூன்று மடங்கு. ஆஃப் என்றால் அதுவே மொத்தம், மோர் என்றால் பழையதன்மேல் கூட்ட வேண்டும்.

இரண்டாவது, பர்சன்டுக்கும் பர்சன்டேஜ் பாயின்டுக்கும் உள்ள வித்தியாசம். 2022 ஏப்ரலில் பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11% வரியை மத்திய அரசு செப்டம்பர் வரை நீக்கியது. வரி 11-லிருந்து பூஜ்யம் ஆனது, அது 11 பர்சன்டேஜ் பாயின்ட் இறக்கம். “வரி 11 பர்சன்ட் குறைந்தது” என்று பேச்சுவாக்கில் சொன்னோம். கறாராகக் கணக்குப் போட்டால் 11-இல் 11% குறைந்து 9.79 ஆக நிற்கும். வரி விஷயத்தில் யாரும் ஏமாறவில்லை. ஆனால் ஏஜென்ட் கமிஷன் 5 பர்சன்டாக இருக்கும்போது “அதில் 1 பர்சன்ட் குறைக்கிறேன்” என்று மெயில் வந்தால், அது 4 பர்சன்ட் ஆகிறதா, 4.95 ஆகிறதா என்று அப்போதே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். கேட்கத் தகுந்த வித்தியாசம்தான்.

மூன்றாவது, விலை பேசும் மெயிலில் “பை”யும் “டு”வும். “ரெட்யூஸ் பை 20 சென்ட்ஸ்” என்றால் இருக்கும் விலையில் 20 சென்ட் கழிக்க வேண்டும். “ரெட்யூஸ் டு 2.85” என்றால் புது விலையே அது. பெரிய எண்ணில் யாருக்கும் குழப்பம் வராது. “ஷிரிங்கேஜ் டு பீ ரெட்யூஸ்ட் பை 3 பர்சன்ட்” என்று வந்தால்தான் டையிங்காரரும் நாமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். இப்போது எவ்வளவு, கடைசியில் எவ்வளவு என்று இரண்டு எண்ணையும் போட்டு பதில் அனுப்பினால் அவர்களே தெளிவாக்கிவிடுவார்கள்.

“அஸ் மெனி அஸ் 300 பீசஸ்” என்று, குறை சொல்லிப் பணம் கேட்கும் க்ளெய்ம் மெயிலில் பார்த்தால் பதற வேண்டாம். ஒப்பிடுகிற மாதிரி இருக்கும், ஆனால் அங்கே ஒப்பீடே இல்லை. முந்நூறு வரைக்கும் இருக்கிறது, எவ்வளவு அதிகம் பாருங்கள் என்று எண்ணைத் தூக்கிக் காட்டும் பேச்சு அது. சரியான எண்ணிக்கை எவ்வளவு, எந்த சைஸில், எந்த கார்ட்டனில் என்று கேளுங்கள். முந்நூறு என்று வந்த ஒரு க்ளெய்ம், அப்படிக் கேட்டதும் எங்களுக்குப் பாதிக்கும் கீழே இறங்கியது.

இப்போது நான் வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கை பற்றி யார் போனில் என்ன சொன்னாலும் நூல் புக் பண்ணுவதில்லை. மெயிலின் அசல் வரி கைக்கு வர வேண்டும். வந்ததும் நானே ஒரு பதில் அடிக்கிறேன், அதில் மோர், லெஸ், டைம்ஸ், ஹாஃப் எதுவும் கிடையாது. போன ஆர்டர் இத்தனை பீஸ், இந்த ஆர்டர் மொத்தம் இத்தனை பீஸ், கலர் வாரியாக இப்படி, சைஸ் வாரியாக இப்படி, இதை வைத்து இந்தத் தேதியில் நூல் வாங்குகிறேன், மாற்றம் இருந்தால் அதற்குள் சொல்லுங்கள். ஐந்தே வரி. ஏஜென்ட் ஆபீசில் முதலில் முகம் சுளித்தார்கள், பையரை நேரடியாகப் பிடிக்கப் பார்க்கிறேனோ என்று சந்தேகம். அவர்களையும் காப்பியில் போட்டுத்தான் அனுப்புகிறேன் என்றதும் சமாதானமானார்கள். பையர் தரப்பில் ஒருவரும் இதைக் குறைவாக நினைக்கவில்லை. எண்ணைப் போட்டு அனுப்பினால் அவர்களுக்கும் வேலை மிச்சம். ஐரோப்பாவில் சில நாட்டுக்காரர்கள் ஆயிரத்துக்குப் புள்ளியும் தசமத்துக்குக் கமாவும் போடுவார்கள், 6.000 என்று வந்தால் ஆறு பீஸ் இல்லை, ஆறாயிரம். அவர்களுக்கு எழுதும்போது எண்ணோடு எழுத்திலும் போட்டுவிடுகிறேன்.

எல்சி விஷயத்தில், திறப்பதற்கு முன்னாலேயே டிராஃப்ட் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் தருவார்கள். அதில் தேட வேண்டியது அளவு, தொகை, தேதி மூன்று இடம்தான்: எண்ணுக்கு முன்னால் அபவுட் இருக்கிறதா, ப்ளஸ் ஆர் மைனஸ் இத்தனை பர்சன்ட் என்று தனியாக எழுதியிருக்கிறதா, அப்படி இருந்தால் அளவுக்கு மட்டுமா, தொகைக்கும் சேர்த்தா. நாங்கள் இப்போது அளவு, தொகை இரண்டுக்குமே 3% என்று எழுதச் சொல்கிறோம். மிச்சமாகும் நல்ல பீஸ் அதற்குள் அடங்கிவிடுகிறது. டிராஃப்டை உங்கள் பேங்கின் ஃபாரின் எக்ஸ்சேஞ்ச் பிரிவில் காட்டினால் பார்த்துச் சொல்வார்கள், மாதக் கடைசியில் மட்டும் போகாதீர்கள், தலை நிமிர்த்தக்கூட நேரம் இருக்காது. திறந்த பிறகு திருத்த வேண்டி வந்தால் அமெண்ட்மென்ட் சார்ஜ் யார் கணக்கு என்பதையும் அந்த டிராஃப்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.